கணினி அறிவியல் படிப்பில் என்னைக் கரையேற்றிய பாடங்கள்

பி.இ. கணினி அறிவியல் சேரப்போகும் தம்பி தங்கைகள் என்னிடம் கேட்பது பைத்தான் படிக்கலாமா, ஜாவா படிக்கலாமா என்றுதான். டிஸ்கிரீட் மேத்தமேடிக்ஸ் போன்ற தியரி பாடங்கள் பற்றி ஒருவர்கூடக் கேட்பதில்லை. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 பாடத்திட்டத்தில், இணைப்புக் கல்லூரி ஒன்றில் படித்து முடித்தவன் நான். வேலைக்கு உதவாது என்று சீனியர்கள் ஒதுக்கிய தியரி பாடங்கள்தான் என்னைக் கரையேற்றின.

அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் உயிரியல், கணிதப் பிரிவு எடுத்தவன். 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டில் இடம் கிடைத்தது. கல்விக் கட்டணத்தை அரசே ஏற்றது. அது இல்லையென்றால் எங்கள் வீட்டு நிலைமையில் பொறியியலை நினைத்துக்கூடப் பார்த்திருக்க முடியாது. கல்லூரியில் கால் வைக்கும்வரை ஒரு வரி நிரல் எழுதியதில்லை. முதல் செமஸ்டரில் பைத்தானை எப்படியோ சமாளித்தேன். இரண்டாம் செமஸ்டரில் சி மொழி வந்தது, கூடவே நினைவக முகவரியை வைத்திருக்கும் பாயின்டரும். வகுப்பில் பாதிப் பேருக்கு அங்கேதான் பயம் பிடித்தது.

மூன்றாம் செமஸ்டர் டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ் லேபில் நடந்ததைச் சொல்ல வேண்டும். லிங்க்டு லிஸ்ட் என்பது ஒவ்வொரு கணுவும் ஒரு மதிப்பையும் அடுத்த கணுவின் முகவரியையும் வைத்திருக்கும் சங்கிலி. 10, 20, 30 என்று மூன்று கணுக்கள் கொண்ட ஒன்றிலிருந்து 20-ஐ நீக்க வேண்டும். ஒரே நிரல் என் கணினியில் ஓடியது, பக்கத்து நண்பனின் கணினியில் தொடக் கூடாத நினைவகத்தைத் தொட்டதற்கான 'செக்மென்டேஷன் ஃபால்ட்' பிழையோடு விழுந்தது. இருவரும் வரி வரியாக ஒப்பிட்டுப் பார்த்தோம்; ஒரு வித்தியாசமும் இல்லை. லேப் ஆசிரியை திரையைப் பார்க்கவே இல்லை. "தாளில் ஓட்டிப் பாருங்கள்" என்றார். மூன்று கட்டங்கள் வரைந்து 1000, 2000, 3000 என்று முகவரி கொடுத்தோம். 20 இருந்த கட்டத்தின் நினைவகத்தை முதலில் விடுவித்துவிட்டு, அதற்குள் இருக்கும் 3000 என்ற முகவரியைப் பிறகு படிக்கிறது நிரல். விடுவித்த இடத்தில் பழைய மதிப்பு சில நேரம் இருக்கும், சில நேரம் இருக்காது. ஓடியதும் விழுந்ததும் அதனால்தான். முதலில் 10-ஐ 30-உடன் இணைத்து, அதன் பிறகு 20-ஐ விடுவிக்க வேண்டும். அன்று முதல் எந்த நிரலையும் தாளில் ஓட்டிப் பார்க்காமல் நான் தட்டச்சு செய்ததில்லை.

இப்படி யோசிக்க வேண்டிய நேரத்தைத்தான் ரெக்கார்டு நோட்டு தின்றுவிடுகிறது. ஏற்கெனவே ஓடி முடிந்த நிரலை அழகான கையெழுத்தில் பார்த்தெழுதுவதால் யாருக்கு என்ன லாபம்? அதில் போன இரவுகளை நினைத்தால் இன்றும் ஆத்திரம் வருகிறது.

எங்கள் பாடத்திட்டத்தில் தியரி தாள்களின் தேர்வு முறை எளிமையானதாகத்தான் இருந்தது. தாள் 100 மதிப்பெண்ணுக்கு: இரண்டு மதிப்பெண் கேள்விகள் பத்து, 13 மதிப்பெண் கேள்விகள் ஐந்து, 15 மதிப்பெண்ணுக்கு ஒன்று. அது 60-க்குச் சுருக்கப்பட்டது, மீதி 40 இன்டர்னல். மனப்பாடம் செய்தே அரியர் இல்லாமல் கடந்துவிடலாம். ஆனால் கணினியால் எதைச் செய்ய முடியும், எதை முடியாது என்று ஆராயும் நான்காம் செமஸ்டரின் தியரி ஆஃப் கம்ப்யூட்டேஷன் மனப்பாடத்துக்கு மசியாது. ஒரு சொல்லில் ஏ (a) என்ற எழுத்து எத்தனை முறை வந்ததோ அத்தனை முறை அடுத்து பி (b) வர வேண்டும் என்று ஒரு விதி. ஃபைனைட் ஆட்டோமேட்டன் என்பது ஒவ்வொரு எழுத்தாகப் படித்து ஒரு நிலையிலிருந்து இன்னொரு நிலைக்கு மாறும் கற்பனை இயந்திரம்; எந்த நிலையில் இருக்கிறது என்பது மட்டுமே அதன் நினைவு. இந்த விதியை அப்படிப்பட்ட எந்த இயந்திரத்தாலும் சரிபார்க்க முடியாது. அதன் நிலைகள் எண்ணி முடிந்துவிடும். வரக்கூடிய ஏ-க்களுக்கு வரம்பில்லை. நிலைகளைவிட அதிகமாக ஏ வந்தால், ஏற்கெனவே இருந்த ஒரு நிலைக்கே திரும்பி வந்தாக வேண்டும்; அதன்பின் எத்தனை ஏ கடந்தன என்பதற்கு அதனிடம் கணக்கு இல்லை. விடுதியில் இதை நண்பர்களுக்குத் தமிழில் விளக்கிய இரவில்தான் எனக்கே முழுதாகப் புரிந்தது. ஐந்தாம் செமஸ்டரில், நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் மென்பொருள் பற்றிய கம்பைலர் டிசைன் வந்தபோது, அடைப்புக்குறிகள் பொருந்துகின்றனவா என்று பார்க்க, கடைசியாக வைத்ததை முதலில் எடுக்கும் அடுக்கான ஸ்டேக் ஏன் தேவைப்படுகிறது என்பதை யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

அல்காரிதம் பாடத்துக்குச் சென்னைக் கணிதவியல் கழகப் பேராசிரியர் மாதவன் முகுந்தின் காணொளிகள் என்பிடெல் என்ற இணையவழிப் பாடத் தளத்தில் துணை நின்றன. இலவசம், நிறுத்தி நிறுத்திப் பார்த்தால் தமிழ் வழியில் வந்தவர்களுக்கும் ஆங்கிலம் தடையாகாது.

கடைசி ஆண்டில் பலர் புராஜெக்டைக் கடையில் காசு கொடுத்து வாங்கினார்கள். நான்கு ஆண்டு படித்ததை எல்லாம் பயன்படுத்திப் பார்க்கக் கிடைக்கும் ஒரே வாய்ப்பைக் காசு கொடுத்துக் கைவிடுகிறார்களே என்று எனக்கு வருத்தம்தான். நாங்கள் தமிழ்ச் சொற்களை எழுத்து எழுத்தாகப் பிரிக்கும் கருவி ஒன்றைச் செய்தோம். 'தமிழ்' என்ற சொல்லின் நீளத்தைப் பைத்தானிடம் கேட்டால் 5 என்கிறது. யூனிகோடில் இகரக் குறியும் புள்ளியும் தனித்தனிக் குறியீடுகள் என்பதே காரணம். சொல்லைத் தலைகீழாகத் திருப்பினால் புள்ளி முன்னே வந்து நிற்கும். த, ம போன்ற எழுத்துக்குப் பின் புள்ளியோ உயிர்க்குறியோ வந்தால் அதனுடன் சேர், இல்லையென்றால் புது எழுத்தைத் தொடங்கு: இதற்குச் சில நிலைகள் கொண்ட ஆட்டோமேட்டனே போதும். சீனியர்கள் ஒதுக்கச் சொன்ன அதே பாடம்.

வைவாவில் வெளித்தேர்வாளர் 'பக்ஷி' என்று கொடுத்துப் பார்த்தார். க், ஷி என்று பிரிப்பதா, க்ஷி என்று ஒரே எழுத்தாக வைப்பதா என்ற விவாதத்திலேயே எங்களுக்கு ஒதுக்கிய நேரம் முழுவதும் ஓடிவிட்டது.