தூத்துக்குடியைக் குறுகலாக எழுதுவது எப்படி

விஸ்காமில் (காட்சித் தொடர்பியல் படிப்பில்) கடைசி வருடம் வந்துவிட்டால் பார்க்கிறவர்கள் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "ஃபைனல் ப்ராஜெக்ட் என்ன பண்ணப் போற?" எங்கள் வகுப்பில் முக்கால்வாசிப் பேர் குறும்படம், விளம்பரப் படம் என்று கேமரா பக்கம் போனார்கள். கிராஃபிக் டிசைன் எடுத்தது சிலர்தான். அதிலும் நான் தமிழ் எழுத்துரு ஒன்றைச் செய்யப் போகிறேன் என்றதும், "ஃபான்ட்டா? அதான் சிஸ்டத்துலயே இருக்கே" என்றார்கள். வீட்டிலும் கிட்டத்தட்ட அதே பதில்தான்.

அந்த யோசனை முந்தைய செமஸ்டரில் செய்த ஒரு பயிற்சியிலிருந்து கிளம்பியது. ரயில் நிலையம் ஒன்றுக்கு வழிகாட்டிப் பலகைகளை வடிவமைக்க வேண்டும். தமிழ், இந்தி, ஆங்கிலம் மூன்றும் ஒரே பலகையில் வர வேண்டும். ஆங்கிலத்தில் 'எக்ஸிட்' என்றால் நாலே எழுத்து. தமிழில் 'வெளியே செல்லும் வழி'. ஆங்கிலத்தில் டிக்கெட் கவுன்ட்டர், தமிழில் 'பயணச்சீட்டு வழங்குமிடம்'. மூன்றையும் ஒரே அகலத்தில் அடக்கப் பார்த்தால், ஒவ்வொரு முறையும் சின்னதாகிப்போவது தமிழ்தான். சின்னதாக்க மனமில்லாதவர்கள் மென்பொருளில் அகலத்தை மட்டும் 70 சதவீதத்துக்கு அமுக்கிவிடுகிறார்கள். அப்படி அமுக்கினால் நிற்கிற கோடுகள் எல்லாம் மெலிந்துபோகும், படுத்த கோடுகள் பழைய தடிமனிலேயே இருக்கும். ஊரில் உள்ள ஃபிளெக்ஸ் பேனர்களில் பாதி இப்படித்தான் இருக்கின்றன. ஒரு தடவை கண்ணில் பட்டுவிட்டால் அப்புறம் எங்கே போனாலும் அதுதான் தெரியும்.

சரி, குறுகலான தமிழ் எழுத்துரு ஒன்றை வரையலாம் என்று ப்ராஜெக்டுக்கு வழிகாட்டும் ஆசிரியரான கைடிடம் போனேன். அவர் முதலில் கேட்டது, "ஏற்கெனவே இருக்கிறதை எல்லாம் பார்த்தாச்சா?" கூகுள் ஃபான்ட்ஸில் தேடினால் முன்பைவிட இன்று நல்ல தேர்வுகள் இருக்கின்றன. பிரியா ரவிச்சந்திரனின் கட்டமரன், தாரிக் அசீஸின் கவிவனார், பவனம், அகலத்தையே கூட்டிக் குறைக்க வசதியுள்ள அனேக் தமிழ். இவற்றை அச்செடுத்து வைத்து, "இதில் இல்லாத எதை நீ செய்யப் போகிறாய் என்று ஒரே வரியில் எழுதி வா" என்றார். நான் எழுதிப் போனது இது: கையால் பலகை எழுதுகிறவர்கள் தமிழைக் குறுக்கும் முறையை எழுத்துருவுக்குள் கொண்டுவருவது. அவர் தலையாட்டியதும் கிளம்பிவிட்டேன்.

சென்னையில் பாரிமுனை, சௌகார்பேட்டைப் பக்கம் பழைய தகரப் பலகைகளைப் படமெடுத்தேன். ஆனால் எழுதியவரைக் கேட்டால் யாருக்கும் தெரியவில்லை. ஃபிளெக்ஸ் வந்தபிறகு பலர் தொழிலையே மாற்றிக்கொண்டார்கள். லாரிக்கு இன்னும் கையால்தான் எழுதுகிறார்கள் என்று ஒரு நண்பர் சொன்னார். அதனால் நாமக்கல் போனேன். லாரி பாடி கட்டும் பட்டறைகள் நிறைந்த ஊர். ஒரு பட்டறையில் பல வருடமாக எழுதிவரும் பெயின்டர் ஒருவர் பக்கத்தில் நின்று பார்க்கவிட்டார்.

அவர் பிரஷ்ஷை எடுக்கும் முன் சாக்பீஸ் தூள் தடவிய நூலைத் தகரத்தின் மேல் இழுத்துப் பிடித்துச் சுண்டுவார். மேலே ஒன்று, கீழே ஒன்று, இரண்டு கோடு விழும். பிறகு வார்த்தையை வாய்க்குள் சொல்லிக்கொண்டே விரலை மடக்கி எண்ணுவார். என்ன கணக்கு என்று கேட்டேன்.

"எழுத்து எத்தனைன்னு எண்ணக் கூடாது கண்ணு. 'ட' முக்கா எழுத்து. கால் அரை எழுத்து. மூணு சுழி 'ண' வந்துச்சுன்னா ரெண்டா வெச்சுக்கோணும்."

என் ப்ராஜெக்டுக்கு முதுகெலும்பு இந்தக் கணக்குதான். ஆங்கில எழுத்துரு பற்றிய பாடங்களில் 'n', 'o' இரண்டையும் முதலில் வரை, மற்றவை அதிலிருந்து தானாக வரும் என்பார்கள். தமிழில் அப்படி ஒன்றிலிருந்து இன்னொன்று சுலபமாக வருவதில்லை. 'ப', 'ட' இரண்டையும் எவ்வளவு வேண்டுமானாலும் ஒடுக்கலாம், அவை கேள்வியே கேட்காது. 'ண', 'ஞ' இரண்டையும் அதே அளவுக்கு ஒடுக்கினால் உள்ளே இருக்கும் வெள்ளை இடம் அடைபட்டுக் கரும்புள்ளி ஆகிவிடும். பெயின்டர் இதற்கு இரண்டு வேலை செய்வார். 'ண'வின் கோடுகளை மட்டும் நூலளவு மெல்லியதாக இழுப்பார். சுழியைக் கொஞ்சம் பெரிதாக விடுவார், எனாமல் வழிந்தாலும் அடைபடாது. தூரத்திலிருந்து பார்க்கும்போது எல்லாக் கோடும் ஒரே தடிமன் போலத்தான் தெரியும். நான் ஸ்கேலை வைத்து அளந்து பார்த்துத்தான் வித்தியாசத்தைக் கண்டுபிடித்தேன்.

சென்னை திரும்பி டிரேசிங் பேப்பரில் தட்டைப் பிரஷ்ஷால் எழுத ஆரம்பித்தேன். தமிழில் 247 எழுத்து என்று பயமுறுத்துவார்கள், ஆனால் எழுத்துருவுக்கு அத்தனையும் தனித்தனியாக வரைய வேண்டியதில்லை. கால், ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு எல்லாம் ஒருமுறை வரைந்தால் போதும். உயிரை எடுப்பது உகர, ஊகார வரிசைகள். 18 மெய்க்கும் இரண்டிரண்டாக 36 வடிவம், அதிலும் ஒரே வழி கிடையாது. சு, பு, வு போன்றவற்றில் கோடு நேராகக் கீழே இறங்கும். மு, ரு, ளு போன்றவற்றில் அடியில் வளைந்து திரும்பும். து, நு, லு போன்றவை அடியில் ஓடி வலப்பக்கம் மேலே ஏறும். கூ, சூ இரண்டும் யாரோடும் சேராது.

அதனால் 'அ' முதல் வரிசையாக வரைவதை விட்டு, ஊர்ப்பெயர்களை எடுத்துக்கொண்டேன். எப்படியும் பலகையில் வரப்போவது அவைதானே. தூத்துக்குடி, விழுப்புரம், எழும்பூர், நுங்கம்பாக்கம். இதில் தூத்துக்குடி ஒரு வரம். தூ, து, கு, டி என்று தொல்லை கொடுக்கும் வடிவங்கள் வரிசையாக நிற்கும் பெயர் அது. அதைக் குறுகலாகவும் படிக்கும்படியும் எழுதிவிட்டால் மற்றதைச் சமாளிக்கலாம். 'து'வின் அடிக்கோட்டை ஆழமாக இறக்காமல் தட்டையாக இழுத்து மேலே ஏற்றியதும்தான் அந்தப் பெயர் ஒரே வரியில் ஒழுங்காக உட்கார்ந்தது. இதுவும் நாமக்கல்லில் பார்த்ததுதான். லாரியில் அடுத்த வரிக்கு இடம் விட்டாக வேண்டும், ஆழமாக இறக்கினால் கீழ்வரியில் உள்ள 'லீ'யின் தலையில் போய் இடிக்கும்.

'ர்', 'ரி', 'ரீ' மூன்றும் தனிக்கதை. பழைய அச்சிலும் பல பலகைகளிலும் இவற்றுக்கு அடியில் சாய்ந்த கோடு இருக்காது. காலின் மேல் புள்ளியோ கொக்கியோ வைத்தது போல இருக்கும். குறுகலுக்கு இது ரொம்ப வசதி. காலின் மேல் புள்ளியும் கொக்கியும் வரவே வராது என்பதால் குழப்பமும் இல்லை. 'லை', 'னை' இரண்டிலும் இதே ஆசை வந்தது. 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன்பிருந்த தும்பிக்கை வைத்த 'னை'யைப் போட்டால், 'சென்னை' என்ற சொல்லில் ஒரு சங்கிலிக்கொம்பின் அகலமே மிச்சம். ஆனால் என் வயதுக்காரர்களிடம் காட்டியபோது தயங்கித் தயங்கிப் படித்தார்கள். வழிகாட்டிப் பலகையில் தயக்கத்துக்கு இடமில்லை என்று அதை மாற்று வடிவமாக மட்டும் உள்ளே வைத்தேன்.

கணினியில் ஏற்றிய கட்டத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. இங்க்ஸ்கேப்பில் வரைந்து ஃபான்ட்ஃபோர்ஜில் சேர்த்தேன், இரண்டும் இலவசம். யூனிகோடில் 'து' என்பது 'த', உகரக் குறி என இரண்டு குறியீடுகளாகத்தான் சேமிக்கப்படுகிறது, இரண்டும் பக்கத்தில் வந்தால் இந்தப் படத்தைப் போடு என்று எழுத்துருவுக்குள் விதி எழுத வேண்டும். 36 தடவை எழுதினால் பழகிவிடும். ஃபோட்டோஷாப்பில் 'கொ' உடைந்து வந்தால் பதற வேண்டாம். என்னிடம் இருந்த பதிப்பில் செட்டிங்கில் தெற்காசிய மொழிகளுக்கான தேர்வை மாற்றியதும் சரியாகிவிட்டது. ஃபயர்ஃபாக்ஸில் சரியாகத் தெரிகிறதா என்று முதலில் பார்த்துக்கொண்டால், தப்பு எழுத்துருவிலா மென்பொருளிலா என்பது தெரிந்துவிடும். பிரஸ்ஸில் கோரல்டிரா மட்டும்தான். "எல்லாத்தையும் கர்வ் பண்ணிக் கொண்டு வாம்மா" என்றார்கள், அதாவது எழுத்தை எல்லாம் வெறும் வரைகோடுகளாக மாற்றச் சொன்னார்கள், அப்படியே செய்தேன்.

ஜூரிக்கு, அதாவது ப்ராஜெக்டை மதிப்பிடும் கடைசித் தேர்வுக்கு, புத்தகம் மாதிரி ஒன்று செய்வதுதான் வழக்கம். நான் அதைச் சின்னதாக வைத்துக்கொண்டு, கல்லூரி வராந்தாவின் கடைசியில் இரண்டு பலகைகளை மாட்டினேன். இரண்டிலும் அதே ஊர்ப்பெயர்கள், அதே உயரம், அதே அகலம். ஒன்றில் வழக்கமான எழுத்துருவை அமுக்கியது, இன்னொன்றில் என்னுடையது. வெளியிலிருந்து வந்த தேர்வாளர் உள்ளே நுழையும் முன்பே தூரத்தில் நின்று இரண்டையும் படித்துப் பார்த்தார். நான் தயாரித்து வைத்திருந்த விளக்கத்தில் பாதி தேவைப்படவில்லை.

ஆனால் 'ர்' விஷயத்தில் அவர் விடவில்லை. பள்ளிக்கூடத்தில் சாய்கோடு போட்டுத்தான் சொல்லிக் கொடுக்கிறார்கள், பொதுப் பலகையில் நீ ஏன் அதை எடுக்கிறாய் என்றார். அகலக் கணக்கைச் சொன்னேன், பழைய அச்சைக் காட்டினேன். கைடு பேசாமல் இருந்தார். அது அவர் வழக்கம். கடைசியில் சாய்கோடு உள்ள வடிவத்தையும் சேர்த்துவிடு, பயன்படுத்துகிறவர் முடிவு செய்யட்டும் என்று சமாதானம் ஆனது. எனக்கு இன்னும் என் கட்சிதான் சரி என்று படுகிறது.

வேலைக்கு நேர்காணல் போன இடங்களில் யாரும் முடிந்த எழுத்துருவை அதிக நேரம் பார்க்கவில்லை. டிரேசிங் பேப்பர் பக்கங்களையும், பெயின்டர் கணக்கை நான் அட்டவணையாக்கிய பக்கத்தையும்தான் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். போர்ட்ஃபோலியோ செய்கிற ஜூனியர்களிடம் கசக்கிய தாளைக்கூடத் தூக்கிப் போடாதீர்கள் என்று சொல்வது அதனால்தான்.

எழுத்துரு இன்னும் முடியவில்லை. கெர்னிங், அதாவது எழுத்துகளுக்கு நடுவில் உள்ள இடைவெளியைச் சரிசெய்யும் வேலை, பாதியில் நிற்கிறது, கிரந்த எழுத்துகளில் 'ஸ்ரீ' மட்டும் மற்றவற்றோடு ஒட்டாமல் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் பயன்படுத்தும்படி ஓப்பன் ஃபான்ட் உரிமத்தில் வெளியிட எண்ணம். அதுவரை கேட்கிறவர்களுக்குச் சோதனைப் பதிப்பை அனுப்பி, அவரவர் ஊர்ப்பெயரை எழுதிப் பார்த்துப் பிழை சொல்லச் சொல்கிறேன். கடைசியாக வந்த புகார் உளுந்தூர்ப்பேட்டையிலிருந்து: 'ளு'வும் பக்கத்து எழுத்தும் முட்டிக்கொள்கின்றனவாம்.