நவம்பர் 30, மாலை ஆறரை

நவம்பர் 8, வெள்ளி
சீரியலுக்குக் காலை 9 முதல் இரவு 9 வரை கால்ஷீட். சீன் பேப்பர் கைக்கு வந்ததே பத்தே முக்காலுக்கு. கேமராவுக்குப் பின்னால் நின்று உதவி இயக்குநர் வரி வரியாக வாசிப்பார், நடிகர் வாங்கிச் சொல்லணும். வாசித்த குரல் அடங்கி, அரை மூச்சு விட்டு ஆரம்பிக்கணும். இரண்டு குரலும் ஒன்றின்மேல் ஒன்று விழுந்தால் எடிட்டரால் வெட்ட முடியாது. இதில் பழகின மூளை ஒரு வரிக்கு மேல் எதையும் வைத்துக்கொள்வதில்லை. 30ஆம் தேதி மேடை நாடகத்தில் மூன்றாம் காட்சி, முக்கால் பக்க வசனம், நடுவில் யாரும் பேசமாட்டார்கள்.

நவம்பர் 10, ஞாயிறு
டெல்லி கணேஷ் நேற்றிரவு போய்விட்டார். வயது 80.
1964இல் விமானப்படை, பத்து வருஷம். டெல்லியில் தட்சிண பாரத நாடக சபா. சென்னையில் காத்தாடி ராமமூர்த்தி குழு. பாலசந்தர் 'பட்டினப் பிரவேசம்' கொடுத்தார், படம் 1977இல் வந்தது. அப்புறம் 400 படத்துக்கு மேல், டிவி சீரியல்கள் வேறு. டிவி முழுக்க காமெடிக் காட்சிகளையே போடுகிறார்கள். பார்க்க வேண்டியது அவர் பேசாத நேரத்தை. எதிராளி பேசும்போது அந்தக் கண் அடுத்த வரியைத் தேடாது, கேட்டுக்கொண்டிருக்கும். 'மைக்கேல் மதன காமராஜன்' மணி ஐயர் எவ்வளவு வேகமாகப் பேசினாலும் வாக்கியத்தின் கடைசி வார்த்தையை விழுங்கமாட்டார். மேடையில் வந்த பழக்கம். சீரியலில் முதலில் சாவது அந்தக் கடைசி வார்த்தைதான்.

நவம்பர் 11, திங்கள்
விமானப்படைக் கொடி போர்த்தினார்கள். சரி.

நவம்பர் 14, வியாழன்
நாடகத்துக்கு ஒட்டு மீசை. மேலுதட்டை சர்ஜிகல் ஸ்பிரிட் பஞ்சால் துடைத்து நன்றாகக் காயவிடணும். ஸ்பிரிட் கம், அதாவது மீசை ஒட்டும் பசை, தடவின கையோடு ஒட்டக்கூடாது. விரல் வைத்தால் இழுக்கிற பதம் வரணும். ஈரத்தில் ஒட்டினால் இரண்டாம் காட்சிக்குள் வியர்வை ஏறி மூலை தூக்கும். பேசும்போது அதிகம் அசைகிற இடம் அது, அதனால் மூலைக்கு மட்டும் இன்னொரு பூச்சு. கழற்றத் தேங்காய் எண்ணெய். வெறுமனே இழுத்தால் தோலும் கூட வரும்.

நவம்பர் 17, ஞாயிறு
ஒத்திகை. வசனத்தைத் தனியாக உருப்போட்டால் நிற்காது. எதிராளியின் கடைசி மூன்று வார்த்தையோடு சேர்த்துப் படிக்கணும், அசைவோடு முடிச்சுப் போடணும்: கண்ணாடியைக் கழற்றும்போது இந்த வரி, நாற்காலியைப் பிடிக்கும்போது அந்த வரி. சீரியலில் நாற்காலி எங்கே இருக்கும் என்று டைரக்டருக்கே தெரியாது.
மேடையோரத் திரைமறைவில், சைடு விங்கில், மறந்த வசனத்தை எடுத்துக் கொடுக்க பிராம்ப்டர் உண்டு. முதல் இரண்டு வார்த்தை மட்டும் கொடுக்கணும். முழு வரியையும் கொடுத்தால் தொங்கும் மைக் அதையும் பிடித்துக் கடைசி வரிசை வரை சேர்த்துவிடும். மைக்குக்கு முதுகு காட்டிப் பேசுகிற பையனுக்கு அதை எத்தனை தடவை சொல்வது! சிரிப்பு வந்தால் முழுக்க அடங்கும்வரை காத்திருக்கக் கூடாது, பாதி இறங்கும்போதே அடுத்த வரியை எடுக்கணும். சத்தம் செத்த பிறகு எடுத்தால் காட்சியை மறுபடி முதலிலிருந்து தூக்க வேண்டியிருக்கும்.

நவம்பர் 20, புதன்
மூன்றாம் காட்சி. வசனம் மறுபடி அதே இடத்தில் நின்றுவிட்டது.

நவம்பர் 23, சனி
30ஆம் தேதி சீரியலும் கேட்கிறது. "பாத்துக்கலாம் சார்" என்கிறார் மேனேஜர். அவர்களுக்கு என்ன, சீரியலில் நான் பெரியப்பா; பெரியப்பா ஊருக்குப் போயிருக்கிறார் என்று ஒரு வரி, ஒரு போன் கால், தீர்ந்தது. மேடையில் பெரியப்பா ஊருக்குப் போக முடியாது.

நவம்பர் 27, புதன்
மழை. மேடை செட்டின் தட்டிகளை லாரியில் தார்ப்பாய் இல்லாமல் ஏற்றக்கூடாது. துணி நனைந்தால் பெயின்ட் ஓடும், காய்ந்தபின் தொய்ந்து நிற்கும். தேதி தள்ளினால் மார்கழிக் கச்சேரிகள் வந்துவிடும், எந்த சபாவும் நாடகத்துக்கு ஹால் தராது. பொங்கலுக்கு அப்புறம்தான். அதுவரை இந்த முக்கால் பக்கம் தலையில் நிற்குமா?

நவம்பர் 29, வெள்ளி
ஃபெஞ்சல். புயலுக்குப் பேர் வைத்துவிட்டார்கள். நாளைக்கு சிவப்பு எச்சரிக்கை. காலை பத்து மணிக்குச் சொல்கிறேன் என்கிறார் சபா செயலாளர். மூன்றாம் காட்சி இன்று தடங்கல் இல்லாமல் வந்தது, இரண்டு தரம். மைக் செட்காரர் போனை எடுக்கவில்லை.