பூண்டு ஊறுகாயும் பாஸ்பீனும்

போன செவ்வாக்கிழமை மத்தியானம் ஜெர்மனியில நான் வேலை பாக்குற கெமிஸ்ட்ரி லேப் காரிடார்ல இருந்த ஆறு பேரையும் வெளிய ஓட வெச்சது எங்கம்மா போட்ட பூண்டு ஊறுகாய். சத்தியமா மிகைப்படுத்தல.

சாப்பிடுற ரூம்ல உக்காந்து தயிர்சாதம் டப்பாவைத் திறந்து, ஊறுகாய் பாட்டிலையும் திறந்து வெச்சேன். ரெண்டு வாய்கூட உள்ள போகல. கூட வேலை பாக்குற ஜெர்மன்காரர் ஒருத்தர் கதவுகிட்ட வந்து மூக்கை உறிஞ்சி அப்டியே நின்னுட்டாரு, "யாராவது டிரைமெத்தில்பாஸ்பீன் திறந்தீங்களா?"ன்னு கேட்டாரு பாருங்க, எனக்கு வயித்த கலக்கிருச்சு. ஏன்னா அந்தச் சாமான் பூண்டு நாத்தம் அடிக்கும், விஷம், காத்து பட்டா தீப்பிடிக்கும். உடனே எல்லாரும் வெளிய ஓடுனாங்க, நானும் ஓடுனேன்! கோட்டுகூட எடுக்காம அந்தக் குளிர்ல நின்னுக்கிட்டு, யாரு கவனக்குறைவா இருந்தாங்களோன்னு மனசுக்குள்ள திட்டிக்கிட்டே மூக்கைத் துடைக்க கையைத் தூக்குறேன், அந்த வாசம் என் விரல்ல இருக்கு.

சொல்லிட்டேன், சொல்லாம இருக்க முடியுமா. நல்லா சிரிச்சாங்க. மறுநாள் ஒரு மெயில் வந்துச்சு, யார் பேரும் போடாம, வாசனை அதிகமான சாப்பாட்டை மூடி வெச்சா நல்லதுன்னு ரொம்ப மரியாதையா. அந்த மரியாதைதான் சுருக்குன்னு குத்துச்சு. நேர்ல வந்து "என்னம்மா இப்டி நாறுது"ன்னு கேட்டிருந்தா ஒரு துண்டு கொடுத்து சமாதானம் பண்ணிருப்பேன்.

என் பொழப்பு என்னன்னு சொல்லிடறேன், ஊர்ல சித்தப்பா இன்னமும் நான் "ஏதோ மருந்துக் கம்பெனி"ல இருக்கேன்னுதான் சொல்லிட்டுத் திரியறாரு. பல்லேடியம், நிக்கல், ரோடியம் மாதிரி உலோகத்தை, பாயாசத்துல சர்க்கரை கரையற மாதிரி கரைசல்லயே கரைச்சு வினையூக்கியா, அதாவது ரியாக்ஷனை வேகமா ஓட்டுற ஆளா, வேலை வாங்குறது. ஒருபடித்தான வினையூக்கம்னு புத்தகத்துல போட்டிருப்பாங்க. உலோகம் தனியா நின்னா கறுப்புத் தூளா அடியில படிஞ்சிரும், அதைப் பிடிச்சு நிறுத்தத்தான் பாஸ்பரஸ் இருக்கிற இந்தப் பாஸ்பீன் வகையறா. வில்கின்சன் வினையூக்கின்னு காலேஜ்ல படிச்சிருப்பீங்க, நடுவுல ரோடியம், சுத்தி மூணு டிரைபீனைல்பாஸ்பீன், அது பரவால்ல, பெருசா நாறாது. இதுல கொடுமை என்னன்னா பூண்டுல இருக்கிற கந்தகம் பல்லேடியத்துக்கு விஷம், ஒட்டிக்கிட்டா விடாது. ஆக எங்கம்மா ஊறுகாயும் என் வேலையும் பிறவிப் பகை.

சென்னையில பிஎச்டி பண்ணும்போது ஈரத்தோடதான் சண்டை. டிஎச்எஃப் (டெட்ராஹைட்ரோபியூரான்)ங்கற கரைப்பானை ஈரம் போக சோடியமும் பென்சோபீனோனும் போட்டு காய்ச்சுவோம், நல்லா உலர்ந்துட்டா ஆழ்ந்த ஊதா வரும், அந்த ஊதாவைப் பாத்தாதான் அன்னிக்கு சோறு இறங்கும். ஐப்பசி மழை ஆரம்பிச்சா போச்சு, காலையில ஊதா, மதியம் மஞ்சக் கலங்கல். இங்க காத்தும் ஈரமும் அண்டாம காக்குற ஆர்கான் வாயு சுவத்துக் குழாயைத் திருகினா வருது. எங்க தெருவுல தண்ணியே குழாய்ல வந்தது கிடையாது.

இவ்வளவு வசதி இருந்தும் வந்த முதல் மாசம் நான் சென்னையில பண்ண அதே ரியாக்ஷன் இங்க ஓடவே இல்ல. நிக்கல் மாத்துனேன், கரைப்பான் மாத்துனேன், ராத்திரி பத்து மணி வரைக்கும் உக்காந்து அழாத குறை. கடைசியில பாத்தா என் பழைய நோட்டுல "அறை வெப்பநிலை"ன்னு எழுதி வெச்சிருக்கேன். அங்க அறைன்னா 34 டிகிரி, இங்க 20. எண்ணெய்த் தொட்டியில 35 வெச்சேன், கழுதை ஓடிருச்சு. அன்னிக்கு ஒருமாதிரி இருந்துச்சு, அஞ்சு வருஷம் எங்க ஊர் வெயில் எனக்கு ஓசியில வேலை பாத்திருக்கு, நான் தீசிஸ்ல அதுக்கு நன்றிகூட போடல.

இப்ப பழகிருச்சு. ஞாயித்துக்கிழமை கடை இல்லங்கறது பழகிருச்சு, குப்பையை நாலா பிரிக்கறது பழகிருச்சு. நான் போற ட்ரெயின் மியூல்ஹைம்ங்கற ஊர் வழியாதான் போகும். 1953ல கார்ல் சீக்லர்ங்கற வேதியியல்காரர் அங்கதான் இருந்தாரு. எத்திலீன் வாயுவோட மூலக்கூறுகளை சங்கிலி மாதிரி நீளமா கோக்கலாம்னு பாத்தா ஒரு தடவை ரெண்டே ரெண்டு சேந்து பியூட்டீனா நின்னு போச்சு. நோண்டிப் பாத்தா பாத்திரத்துல ஒட்டியிருந்த துளி நிக்கல். நாமளா இருந்தா பாத்திரத்தைத் தேய்ச்சு வெச்சிட்டுப் போயிருப்போம். அவங்க துளி நிக்கலே இவ்வளவு பண்ணுதுன்னா மத்த உலோகம் என்ன பண்ணும்னு ஒவ்வொண்ணா போட்டுப் பாத்து டைட்டானியத்துல வந்து நின்னாங்க, சாதாரண அழுத்தத்துலயே பாலிஎத்திலீன். 1963ல இத்தாலிக்காரர் நட்டாவோட சேந்து நோபல். (அந்த டைட்டானியம் கரையாது, என் வகையறா இல்ல, ஆனா சொந்தம்தான்.) அதை முதல்ல செஞ்சு காட்டுனது எதுலன்னா, இங்க பழம், காய் போட்டு வைக்கிற கண்ணாடி ஜாடியில. ஊறுகாய் ஜாடிதாங்க! எங்க வீட்டு வாசல்ல வரிசையில நின்ன பச்சை, மஞ்ச பிளாஸ்டிக் குடமெல்லாம் அந்த ஜாடிக்குப் பேரப்பிள்ளைங்கதான். ட்ரெயின் அந்த ஸ்டேஷன்ல நிக்கும்போதெல்லாம் எனக்கு லாரித் தண்ணிக்கு குடத்தைத் தூக்கிட்டு ஓடுனதுதான் ஞாபகம் வருது, மாலதி அக்கா குடத்தை இடிச்சு வாங்குன திட்டும்.

லேப்ல புதுசா வந்த பையனுக்கு ஷ்லெங்க் லைன், அதாவது காத்து படாம ரியாக்ஷன் பண்ற கண்ணாடிக் குழாய் அமைப்பு, சொல்லிக் கொடுக்கும்போது நடந்தது இது. கண்ணாடிச் சாமானை ராத்திரி முழுக்க ஓவன்ல வை, ஈரம் ஆகாது, காத்து உள்ள போகக்கூடாது, எடுத்தவுடனே மூடுன்னு சொல்லிட்டே வரேன், திடீர்னு எங்கம்மா குரல் மாதிரியே இருக்கு. கோயில்பட்டி வீட்டு அடுப்படியில ஜாடியை ரெண்டு நாள் வெயில்ல காய வெச்சு, துணியால துடைச்சு, பூண்டுக்கு மேல ஒரு விரக்கடை நல்லெண்ணெய் நிக்கிற மாதிரி ஊத்தி, "ஏட்டி, ஈரக் கரண்டிய போட்டுறாத, பூசணம் பூத்துரும்"னு கத்தும். அம்மா எட்டாங்கிளாஸ். ஆர்கானுக்குப் பதிலா நல்லெண்ணெய். அவ்ளோதான் வித்தியாசம். அந்தப் பையன்கிட்ட இதை ஜெர்மன்ல சொல்லப் பாத்தேன், பூசணத்துக்கு வார்த்தை தெரியாம நின்னுட்டேன்.

நேத்து வீடியோ கால்ல அம்மாகிட்ட லேப் கதையைச் சொன்னேன். சிரிக்கல. "எண்ணெய் மேல நிக்குதா காட்டு"ன்னு சொல்லுச்சு. போனைத் தூக்கிட்டு பிரிட்ஜைத் திறந்தேன், "ஊறுகாயை யாராச்சும் பிரிட்ஜுல வெப்பாகளா"ன்னு அதுக்கு ஒரு ஏச்சு. பாட்டிலைச் சாய்ச்சுக் காட்டுனேன். எண்ணெய் இறங்கிருச்சு, மூணு பல்லு வெளிய தெரியுது. கடையில நல்லெண்ணெய் வாங்கி ஊத்துட்டின்னு சொல்லுச்சு. இங்க கிடைக்கிறது வறுத்த எள்ளு எண்ணெய், வாசம் வேற மாதிரி இருக்கும்மான்னேன். அம்மா கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல, அப்புறம் "சரி, அப்ப சீக்கிரம் தின்னு முடி"ன்னுச்சு.

மூணு பல்லுதான். இன்னும் தொடல.