ஒரு டாலர் செக்கிங்குக்கு மூன்று நடை

துப்பாக்கித் தோட்டா விற்கும் கடை திறப்பது பத்து மணிக்கு. ஏழு மணிக்கே போய் நின்றேன்; எனக்கு முன்னால் பதினேழு பேர், பாதிப் பேர் மடக்கு நாற்காலியோடு. 2021 பிப்ரவரி, கலிபோர்னியாவின் சாக்ரமெண்டோ; தோட்டாத் தட்டுப்பாட்டுக் காலம். செவ்வாய்க்கிழமைதான் லாரி வரும் என்று கடைப் பையன் சொன்னதை நம்பி அரைநாள் லீவு போட்டிருந்தேன். ஊரில் பாமாயில் வரும் நாளில் ரேஷன் கடை வாசலில் அம்மா நின்றாளே, அதே நிற்றல்.

ஆளுக்கு இரண்டே பெட்டி. 50 தோட்டா இருக்கும் 9 எம்எம் பெட்டியை ஒரு வருஷம் முன்பு 12 டாலருக்கு வாங்கியிருக்கிறேன், அன்றைக்கு 38. வாயைத் திறக்காமல் டிரைவிங் லைசென்ஸை நீட்டினேன். எனக்கு முன்னால் நின்றவருடையது ரியல் ஐடி, அதாவது மத்திய அரசு விதிப்படியான லைசென்ஸ், இல்லை; பாஸ்போர்ட்டும் கொண்டுவரவில்லை, திருப்பி அனுப்பிவிட்டார்கள். நமக்கு அந்தத் தொல்லை இல்லை என்று நிம்மதியாக இருந்தேன். தோட்டா வாங்குபவரின் விவரம் மாநிலத் துப்பாக்கிப் பதிவேட்டோடு ஒத்துப்போகிறதா என்று பார்ப்பதுதான் செக்கிங், அப்போது அதற்கு ஒரு டாலர். கல்லாவில் இருந்தவர் அதைத் தட்டிவிட்டு, திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே "ரிஜெக்ட் ஆயிடுச்சு" என்றார். ஏன் என்றால், "காரணம் எங்களுக்கு வராது." என் இரண்டு பெட்டியும் பின்னால் நின்றவர் கைக்குப் போயின.

இங்கேதான் கோட்டை விட்டேன். ரிஜெக்ட் ஆனாலும் அந்தப் பரிவர்த்தனைக்கு ஒரு நம்பர் உண்டு. அதைப் போட்டால்தான் மாநில நீதித்துறையின் தளத்தில் காரணம் தெரியும். அதை வாங்காமல் வீட்டுக்கு வந்துவிட்டேன். அந்த ஒரு நம்பருக்காக இன்னொரு நடை.

காரணம் என்ன தெரியுமா? முகவரி. துப்பாக்கி வாங்கியபோது ஃப்ரீமான்ட் என்ற வேறு ஊரில் குடியிருந்தேன். வீடு மாறியதும் லைசென்ஸை மாற்றினேன், கார் பதிவை மாற்றினேன், துப்பாக்கிப் பதிவேட்டை மறந்தேன். அதே தளத்தில் திருத்தப் படிவம் இருக்கிறது, நிரப்ப பத்து நிமிஷம். பதிவில் ஏற எனக்குப் பதினோரு நாள். பொறுக்காதவர்கள் அப்போது 19 டாலர் கட்டி முழுச் சோதனைக்குப் போகலாம், அதற்கும் சில நாள் ஆகும்.

அந்தப் பதினோரு நாளில்தான் ரீலோடிங், அதாவது சுட்டு முடித்த தோட்டாக் கூட்டை வீட்டிலேயே மறுபடி நிரப்பும் ஆசை வந்தது. கலிபோர்னியாவில் முழுத் தோட்டாவுக்குத்தான் செக்கிங், உதிரிக்கு இல்லை. நண்பரிடம் அதற்கான பழைய பிரஸ் கருவி கிடைத்தது, இரண்டு காபி டின் நிறைய காலி பிராஸ் கூடுகள் சேர்த்து வைத்திருந்தேன், முனையில் வைக்கும் புல்லட்டும் ஒரு பவுண்டு வெடிமருந்துப் பவுடரும் கூரியரில் வந்தன. பவுடரைப் பற்றவைக்கும் சின்ன மூடி, பிரைமர்? மருந்துக்குக்கூட இல்லை.

இருக்காதுதான். அமெரிக்காவில் பிரைமர் செய்யும் பெரிய பெயர்கள் நாலு: ஃபெடரல், சிசிஐ, வின்செஸ்டர், ரெமிங்டன். முதல் இரண்டும் அப்போது விஸ்டா என்ற நிறுவனத்திடம் இருந்தன. ரெமிங்டன் 2020 ஜூலையில் திவாலாகி, அதன் ஆர்கன்சாஸ் தோட்டா ஆலையும் விஸ்டாவிடமே போனது. அந்த ஒரே வருஷத்தில் துப்பாக்கி தொடர்பாக எஃப்பிஐ செய்த பின்னணிச் சோதனைகள் 3.9 கோடிக்கு மேல். செய்கிற பிரைமரைத் தங்கள் தோட்டாவிலேயே வைத்து விற்றால் லாபம் என்கிறபோது, நம் மாதிரி ஆட்களுக்கு உதிரியாக எதற்கு விற்பார்கள்?

30 டாலர் விற்ற ஆயிரம் பிரைமர் அப்போது ஏலத் தளங்களில் 200. அபாயப் பொருள் கட்டணம் தனி. பாதி விலைக்குத் தருகிறேன், ஜெல் (Zelle) என்ற பணம் அனுப்பும் சேவையில் மட்டும் பணம் போடு என்கிற தளம் கண்ணில் பட்டால் ஓடிவிடுங்கள். நண்பர் ஒருவர் 160 டாலர் அழுதார்.

மூன்றாம் நடையில் செக்கிங் நாலே நிமிஷத்தில் பாஸ். மிச்சமிருந்தது ஒரு பெட்டி, 42 டாலர்.

பிரைமர் கிடைத்தது ரேஞ்சில், துப்பாக்கி சுட்டுப் பழகும் இடத்தில், பக்கத்து மேஜைப் பெரியவரிடம். நூறு கொண்ட ஒரே ஒரு பாக்கெட். 1.79 என்று பழுப்பேறிய ஸ்டிக்கர் இன்னும் ஒட்டியிருந்தது. பத்து டாலர் கேட்டார். நான் பேரம் பேசவில்லை.