லீசியக் கல்லறை வாசகத்தை வாசிப்பது எப்படி?

லீசியர்கள், இன்றைய துருக்கியின் தென்மேற்குக் கடற்கரையில் வாழ்ந்த பழைய மக்கள், தங்களை ‘த்ரம்மிலி’ என்று அழைத்துக்கொண்டார்கள். இந்த ஒரு சொல்லை வைத்து, த்ரம்மிலி – திரமிளர் – தமிழர் என்று கோடு போட்டு, தமிழர்கள் துருக்கிக் கடற்கரையிலிருந்து வந்தவர்கள் என்று எழுதுவது நம்மிடையே பல பத்தாண்டுகளாக நடக்கிறது. லீசியர்கள் தாயின் பெயரைச் சொல்லி வம்சம் காட்டுவார்கள் என்று பழைய கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதியதையும், கேரளத்து மருமக்கள் தாயத்தையும் சேர்த்துக் கட்டுவதும் உண்டு. இதைச் சோதிக்க எளிய வழி இருக்கிறது. லீசிய வாசகம் ஒன்றை எடுத்து முழுதாக வாசித்துவிட வேண்டியதுதான். அது அவ்வளவு கடினமும் இல்லை.

லீசியா துருக்கியின் தென்மேற்கு மூலையில், இன்றைய ஃபெத்தியேவுக்கும் அந்தால்யாவுக்கும் இடையில் கடலுக்குள் புடைத்து நிற்கும் மலைப்பகுதி. அப்போஸ்தலர் நடபடிகளில் பவுல் கப்பல் மாறிய பத்தாராவும் மீறாவும் அங்கேதான் உள்ளன. அந்த மொழியில் நமக்குக் கிடைத்தவை கி.மு. 5, 4ஆம் நூற்றாண்டுகளின் கல்வெட்டுகளும் காசுகளும். கல்லில் வெட்டியவை 150க்கும் மேல். பெரும்பாலானவை கல்லறை வாசகங்கள், அதுவும் ஒரே அச்சில் வார்த்தவை. அலெக்சாண்டர் வந்துபோன பிறகு கிரேக்கம் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது.

முதலில் எழுத்து. மொத்தம் 29. கிரேக்க எழுத்தின் நெருங்கிய உறவு, இடமிருந்து வலம் ஓடும். சொற்களுக்கு நடுவே மேலும் கீழுமாக இரண்டு புள்ளிகள் இருக்கும். கிரேக்கம் படித்தவர்கள் தடுக்கி விழுவது இங்கேதான். கிரேக்க E வடிவம் லீசியத்தில் ‘இ’. O வடிவம் ‘உ’. கூட்டல் குறி ‘ஹ்’. X வடிவம் தனித்து நின்றே அசையாகும் ஒரு ‘ம்’. உண்மையான ‘எ’ மேல்நோக்கிய அம்புக்குறி போல இருக்கும். உயிர்கள் நான்குதான்: அ, எ, இ, உ. அவற்றில் அகரத்துக்கும் எகரத்துக்கும் மூக்கொலி வடிவங்களும் தனி எழுத்தாகவே உண்டு. ‘வந்தான்’ என்பதைப் பேச்சில் சொல்லும்போது கடைசி ‘ன்’ கரைந்து மூக்கில் நிற்கிறதே, அதே ஒலி. கீழே அதை ‘ன்’ என்று எழுதியிருக்கிறேன்; பேச்சுத் தமிழ் போலவே ஒலித்துக்கொள்ளுங்கள். லீசியத்தில் வேறுவேறாக உள்ள இரண்டு எழுத்துகளுக்கும் ‘த’ ஒன்றையே பயன்படுத்த வேண்டியிருக்கிறது.

தொடங்குவதற்கு என் தேர்வு லிமிரா ஊரின் பாறைக் கல்லறை ஒன்று. எர்ன்ஸ்ட் கலிங்கா 1901இல் வெளியிட்ட தொகுப்பில் அதற்கு எண் 117. கீழேயே கிரேக்க வடிவமும் இருப்பதால் ஊகிக்கத் தேவையில்லை.

எபென்னென் : ப்ரன்னவன் : மென்தி : ப்ரன்னவதென் : சிதெரியா : பர்மெனஹ் : திதெய்மி : ஹ்ரப்பி : எத்லி : எஹ்பி : செ : லதி : எஹ்பி : செ : திதெய்மி : புபியெலெயெ

முதலில் ஆள் பெயர்களைப் பிரித்தெடுங்கள். கிரேக்க வரியில் சிதாரியோஸ், பர்மெனோன், புபியாலேஸ் என்று மூவர் இருக்கிறார்கள். மேலே சிதெரியா, பர்மெனஹ், புபியெலெயெ. ‘பர்மெனஹ்’ என்பதன் கடைசி ‘ஹ்’ ஆறாம் வேற்றுமை, ‘பர்மெனாவின்’. அதை அடுத்து வரும் ‘திதெய்மி’ மகன். ஹெரோடோட்டஸ் சொன்ன தாய்வழிக் கதை இங்கே ஆட்டம் காண்கிறது. கல்லறைகளில் வழக்கமாக வருவது தகப்பன் பெயர்தான்.

அடுத்தது தொடக்கம். ‘எபென்னென் ப்ரன்னவன்’ என்றால் ‘இந்தக் கட்டடத்தை’. இறுதி மூக்கொலிதான் இரண்டாம் வேற்றுமை உருபு. ‘மென்தி’ என்பதற்குள் ‘அதை’ என்ற சுட்டு ஒளிந்திருக்கிறது. ‘ப்ரன்னவதென்’ கட்டினான். ‘இந்தக் கல்லறையை, அதைக் கட்டியவன் பர்மெனாவின் மகன் சிதெரியா’ என்பது நடை. ‘ஹ்ரப்பி’ என்றால் ‘-க்காக’. பின்னால் வருபவை நான்காம் வேற்றுமையில் நிற்கும். ‘எத்லி எஹ்பி’ தனக்காக. ‘செ’ என்பது ‘உம்’. ‘லதி எஹ்பி’ தன் மனைவிக்கு. கடைசியில், மகன் புபியெலெவுக்கு. வாசகம் முடிந்தது. இதைப் படித்தவர் இன்னும் பல டஜன் கல்லறைகளை அகராதி இல்லாமலே படித்துவிடலாம். பல கல்லறைகளில் ‘ப்ரன்னவன்’ இடத்தில் ‘குபன்’ என்ற சொல் வரும், அதுவும் கல்லறையே.

தவறு நேர்வது சிறு எழுத்துகளில். ‘ஹ்ரப்பி’க்குப் பின் ‘திதெய்மி’ என்றால் மகனுக்கு, ‘திதெய்மெ’ என்றால் பிள்ளைகளுக்கு. E வடிவத்தைக் கிரேக்கக் கண்ணால் ‘எ’ என்று வாசித்தால், ஒரே மகனுக்கு வெட்டிய கல்லறை பிள்ளைகள் எல்லோருக்குமாகிவிடும். அதேபோல ‘ப்ரன்னவதென்’ கட்டினான், ‘ப்ரன்னவன்தென்’ கட்டினார்கள். வித்தியாசம் நடுவில் உள்ள ஓர் உயிரெழுத்து மட்டும். சாதா அகரமா, மூக்கொலி அகரமா என்று தெரியாதபடி சுண்ணாம்புப் பாறை அரித்திருந்தால், பின்னால் வரும் பெயர்களை எண்ணித்தான் முடிவு செய்ய வேண்டும். இரட்டைப் புள்ளியையும் முழுதாக நம்பக்கூடாது; ‘செ’ போன்ற சிறு சொற்கள் அடுத்ததோடு ஒட்டியே வெட்டப்பட்டிருக்கும்.

இனி உறவுக்கு வருவோம். அந்திஃபெல்லோஸில், இன்றைய காஷ் ஊரில், இக்த்தா என்பவரின் கல்லறை இருக்கிறது, எண் 56. இதற்கும் கிரேக்க வடிவம் உண்டு: யாராவது இந்தக் கல்லறைக்குக் கேடு செய்தாலோ விலைக்கு வாங்கினாலோ லேத்தோ என்ற பெண்தெய்வம் அவனை அழிப்பாள். லீசியத்தில் அந்த வினை ‘கஸ்த்து’. லேத்தோவின் பெயர் வரவேண்டிய இடத்தில் ‘என்னி’, அதாவது தாய், என்று தொடங்கும் தொடர் இருக்கிறது. ‘கஸ்த்து’வின் இறுதித் ‘து’வைக் கவனியுங்கள். ‘ஆகட்டும்’ என்ற பொருளில் படர்க்கைக்கு வரும் ஏவல் விகுதி அது. கல்யாணப் பத்திரிகையிலும் பழைய பத்திரங்களிலும் ‘சுபமஸ்து’ என்று எழுதுகிறோமே, அந்த வடமொழி ‘அஸ்து’வில் உள்ள அதே ‘து’. லீசியத்தில் குதிரை ‘எஸ்பெ’, வடமொழி அஸ்வம். மூன்று ‘த்ரி’. மகள் ‘க்பத்ரா’, வடமொழி துகிதாவின் உடன்பிறப்பு. கட்டுவதற்கான ‘ப்ரன்னவ-’ வினையின் வேர் துருக்கி நிலத்தின் பழைய மொழியான ஹிட்டைட்டில் ‘பர்ன்’, வீடு. லீசியம் ஹிட்டைட்டுக்கும் அதே நிலத்தின் இன்னொரு பழைய மொழியான லூவியனுக்கும் உறவான, வடமொழியும் கிரேக்கமும் சேர்ந்த இந்தோ-ஐரோப்பியக் குடும்பத்து மொழி என்பதை 1945இல் ஹோல்கர் பெடர்சன் விரிவாகக் காட்டினார். எம்மானுவேல் லரோஷ் லூவியனோடு உள்ள நெருக்கத்தைத் தெளிவாக்கினார். வேற்றுமை உருபு, வினை விகுதி, உறவுப்பெயர் எல்லாம் ஒரு பக்கம் நிற்கும்போது, ஓர் இனப்பெயரின் ஒலி மட்டும் மறுபக்கம் இழுக்க முடியாது.

ஓர் ஒற்றுமை மட்டும் உண்மையில் இருக்கிறது, ஆனால் அது உறவுக்குச் சான்றல்ல. தமிழில் ‘த’ மெல்லினத்துக்குப் பின் ‘ந்த’ என்று, ஆங்கில d போல, ஒலிப்பொலி ஆகிறது. லீசியத்திலும் அப்படித்தான். அதனால் பாரசீக அரசன் டேரியஸின் பெயரைத் தொடக்கத்திலேயே ஒரு மெல்லினம் போட்டு ‘ன்தரியெயுஸ்’ என்று எழுதினார்கள். நம்மைப் போலவே வல்லின ஓசையை மெலிக்க அவர்களுக்கும் ஒரு மூக்கெழுத்து தேவைப்பட்டது. தொடர்பே இல்லாத மொழிகள் பலவற்றிலும் நடப்பதுதான் இது.

கல்லறையைத் தாண்டிப் போக ஆசைப்படுபவர்களுக்கு அடுத்த படி லேத்தோன் கல். க்ஸாந்தோஸுக்கு அருகில் லேத்தோவின் கோயில் வளாகத்தில் 1973இல் பிரெஞ்சு அகழாய்வாளர்கள் கண்டெடுத்தது, இப்போது ஃபெத்தியே அருங்காட்சியகத்தில். அகலப் பக்கங்களில் லீசியம் 41 வரி, கிரேக்கம் 35 வரி. ஒடுங்கிய பக்கத்தில் அரமேயம் 27 வரி. காவ்னோஸின் அரசன் என்ற தெய்வத்துக்குப் புதிய வழிபாடு ஏற்படுத்தி, சிமியாஸ் என்பவரைப் பூசாரியாக்கி, ஆண்டுக்கு மூன்று அரை மினா (பழைய பண அளவு) பணமும், மாதப் பிறப்பில் ஒரு பலியும், ஆண்டுக்கு ஒரு மாடும் நிபந்தம் வைத்த ஆவணம். நம் கோயில் கல்வெட்டு படித்தவர்களுக்கு இந்த நடை உடனே பிடிபடும். அதன் முதல் வரியில் பாரசீக மாகாண ஆளுநரைக் குறிக்கும் ‘சத்ரப்’ என்ற பதவிப் பெயரையே வினையாக்கி, ‘பிக்ஸோதரோஸ் சத்ரப் ஆனபோது’ என்கிறார்கள். கிரேக்கப் பக்கத்தில் அப்பொல்லோதோத்தோஸ், ‘அப்பொல்லோ தெய்வத்தால் தரப்பட்டவன்’, என்று உள்ள அதிகாரி லீசியப் பக்கத்தில் ‘நத்ர்ப்பியெமி’. லீசியர் அப்பொல்லோவை நத்ரி என்று அழைத்தார்கள் என்பது இந்த ஒரு பெயரால்தான் உறுதிப்பட்டது.

க்ஸாந்தோஸில் நிற்கும் கல்தூணை மட்டும் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். 250 வரிகளுக்கு மேல். லீசியம், 12 வரிக் கிரேக்கச் செய்யுள், இவற்றோடு மிலியன் எனப்படும் இன்னொரு உறவு மொழியும் அதில் இருக்கிறது. லீசியம் ‘ஹ்’ போடும் இடங்களில் மிலியன் பழைய ‘ஸ்’ஸை விடாமல் வைத்திருக்கிறது. மொழிபெயர்ப்புக் கல் எதுவும் அதற்குக் கிடைக்கவில்லை, ஆகவே பெயர்களுக்கு அப்பால் அந்தப் பகுதி இன்னும் பெரிதும் இருட்டுத்தான்.