எண்டோஸ்கோபி முதல் கடைசி டெஸ்ட் வரை: என் அல்சர் அனுபவம்

எண்டோஸ்கோபி எழுதிக் கொடுத்துவிட்டார்கள், வாய் வழியாகக் குழாய் விடுவார்களாமே, மூச்சு முட்டுமா என்று தெரிந்தவர்கள் யாராவது என்னிடம் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அதனால் வலி ஆரம்பித்ததிலிருந்து கடைசி டெஸ்ட் வரை எனக்கு என்ன நடந்தது, ஒவ்வொன்றையும் ஏன் அப்படிச் செய்கிறார்கள் என்பதை மொத்தமாக எழுதிவிடுகிறேன். எல்லோரும் பயப்படுவது குழாயைப் பார்த்து. ஆனால் நிறையப் பேர் கோட்டை விடுவது அதற்குப் பிறகு வரும் கட்டங்களில்.

எனக்கு வலி மேல்வயிற்றில், நெஞ்சுக்குழிக்குக் கொஞ்சம் கீழே, ஒரு விரலால் தொட்டுக் காட்டக்கூடிய இடத்தில் இருந்தது. சாப்பிட்டவுடன் இருக்காது. இரண்டு மூன்று மணி நேரம் கழித்து வயிறு காலியானதும் குடைய ஆரம்பிக்கும். நடு இரவில் எழுப்பிவிடும், எழுந்து இரண்டு பிஸ்கட்டோ கொஞ்சம் மோர்சாதமோ சாப்பிட்டால் அடங்கிவிடும். டாக்டர் முதலில் கேட்ட கேள்வியே "சாப்பிட்டா வலி கூடுதாம்மா, குறையுதாம்மா?" என்பதுதான். குறைகிறது என்றேன். அப்படியானால் புண் இரைப்பையில் இல்லாமல் அதைத் தாண்டி, சிறுகுடல் தொடங்கும் இடத்தில் இருக்க வாய்ப்பு அதிகம் என்றார். இரைப்பையில் சாப்பாடு இருக்கும்வரை அமிலம் அதோடு கலந்து வீரியம் குறைந்து இருக்கும். வயிறு காலியானால் அமிலம் நேராகக் கீழே இறங்கிப் புண்மேல் படும், அதுவும் அமிலம் சுரப்பது நள்ளிரவை ஒட்டித்தான் அதிகம் என்பதால் தூக்கம் கலைகிறது. ஆனால் வலியை வைத்து மட்டும் முடிவு செய்ய முடியாது, பார்த்துத்தான் சொல்ல வேண்டும் என்றும் சொன்னார்.

அதற்குள் வீட்டில் வைத்தியம் தொடங்கியிருந்தது. மாமியார் வாரத்தில் பல நாள் மணத்தக்காளிக் கீரையைத் தேங்காய்ப்பால் விட்டுச் செய்து கொடுத்தார், காரத்தை அடியோடு நிறுத்தினார், படுக்கும்முன் ஒரு டம்ளர் பால் கொடுத்தார். "நேரத்துக்குச் சாப்பிடாம இருந்து இருந்துதான் உனக்கு இப்படி ஆயிடுச்சு" என்பது அவர் முடிவு. நம் ஊரில் அல்சர் என்றால் எல்லோரும் சொல்வது அதுதான், அவர் அக்கறையில் குறை எதுவும் இல்லை. ஆனால் பட்டினியோ மிளகாயோ இந்தப் புண்ணை உண்டாக்குவதில்லை. இருக்கிற எரிச்சலை வேண்டுமானால் கூட்டும். பால் குடித்த நேரத்துக்கு இதமாக இருக்கும், கொஞ்ச நேரத்தில் அதுவே அமிலத்தை இன்னும் சுரக்க வைக்கும். புண்ணுக்குப் பெரும்பாலும் காரணம் இரண்டே இரண்டு. ஒன்று ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமி. இன்னொன்று டைக்ளோஃபெனாக், இபுப்ரோஃபென், ஆஸ்பிரின் போன்ற மாத்திரைகள். இரைப்பை தன் அமிலத்தால் தானே அரிக்கப்படாமல் இருக்க உள்சுவரில் வழவழப்பான ஒரு சளிப்படலம் உண்டு, அதைப் பராமரிக்க உடம்பில் சுரக்கும் பொருளையே இந்த வலி மாத்திரைகள் குறைத்துவிடுகின்றன. மூட்டு வலிக்காகக் கடையில் வாங்கி மாதக்கணக்கில் இவற்றைப் போட்டுக்கொள்கிற அம்மாக்கள் நம் வீடுகளில் எத்தனை பேர் என்று நினைத்தால் எனக்கு உண்மையிலேயே கவலையாக இருக்கிறது.

என்னிடம் டாக்டர் வேறு சில கேள்விகளும் கேட்டார். எடை குறைந்ததா, விழுங்கும்போது தொண்டையிலோ நெஞ்சிலோ அடைக்கிறதா, வாந்தியில் ரத்தமோ காப்பித்தூள் நிறத்தில் எதுவுமோ வந்ததா, மலம் தார் மாதிரி கறுப்பாகப் பிசுபிசுவென்று போகிறதா, ரத்தசோகை இருக்கிறதா. இதில் ஒன்று இருந்தாலும் தள்ளிப்போடக் கூடாது, ரத்த வாந்தியோ கறுப்பு மலமோ என்றால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். எனக்கு எதுவும் இல்லாததால் கொஞ்சம் காத்திருக்கலாம் என்றார். காத்திருக்கச் சொன்னதற்கு ஒரு காரணம் இருந்தது. நான் பேண்டோபிரசோல் போட்டுக்கொண்டிருந்தேன். அந்த வகை மாத்திரைகள் அமிலத்தைக் குறைப்பதோடு கிருமியையும் தற்காலிகமாக ஒடுக்கி வைக்கும், அப்போது டெஸ்ட் செய்தால் கிருமி இருந்தும் இல்லை என்று வந்துவிடலாம். ஆகவே இரண்டு வாரம் அதை நிறுத்திவிட்டு, வலி வந்தால் குடிக்க ஒரு ஆன்டாசிட் திரவ மருந்து மட்டும் கொடுத்தார். அந்த இரண்டு வாரம்தான் எனக்கு எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருந்தது, ராத்திரித் தூக்கமே இல்லை.

சரி, எண்டோஸ்கோபிக்கு வருகிறேன். முந்தின இரவு லேசாகச் சாப்பிட்டதோடு சரி, காலையில் காப்பி கூடக் கூடாது. இரைப்பையில் சாப்பாடு இருந்தால் சுவர் தெரியாது, வாந்தி வந்தால் அது நுரையீரலுக்குள் போகிற ஆபத்தும் உண்டு. சர்க்கரைக்கு மருந்து எடுப்பவர்கள், ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். பல் செட் இருந்தால் கழற்றச் சொல்வார்கள். தூக்க ஊசி போட்டுக்கொள்ளலாமா என்று கேட்டார்கள். போட்டால் அன்று வண்டி ஓட்டக் கூடாது, கூட ஆள் வேண்டும் என்பதால் நான் வேண்டாம் என்றேன். மிகவும் பயப்படுகிறவர்கள் தாராளமாகப் போட்டுக்கொள்ளுங்கள், அதில் தவறே இல்லை.

தொண்டையில் மரத்துப்போகும் ஸ்பிரே அடித்தார்கள், கசப்பு தாங்காது. சில நிமிடங்களில் தொண்டை தடித்து, எச்சில் கூட விழுங்க முடியாதது போலத் தோன்றும். "பயப்படாதீங்க அக்கா, அப்படித்தான் இருக்கும்" என்று நர்ஸ் தங்கை கையைப் பிடித்துக்கொண்டாள். இடது பக்கமாகப் படுக்க வைத்து, நடுவில் ஓட்டை உள்ள பிளாஸ்டிக் துண்டைப் பல்லுக்கு இடையில் கடிக்கச் சொன்னார்கள். குழாய் நான் நினைத்ததைவிட மெல்லியது, நம் சுண்டு விரல் கனம்தான் இருக்கும். தொண்டையைத் தாண்டும் அந்தச் சில நொடிகள் ஓங்கரிக்கும், கண்ணில் தண்ணீர் வரும், அதை மறைக்க வேண்டியதில்லை. மூச்சு முட்டுமா என்றால் முட்டாது. குழாய் போவது உணவுக்குழாய்க்குள், மூச்சுக்குழல் அதற்கு முன்பக்கம் தனியாக இருக்கிறது. மூக்கால் மெதுவாக இழுத்து விட்டுக்கொண்டே இருந்தால் போதும். எச்சிலை விழுங்காமல் அப்படியே வழிய விட வேண்டும், கீழே துணி விரித்திருப்பார்கள். சுருங்கிக் கிடக்கும் இரைப்பையை விரிக்கக் காற்று செலுத்துவார்கள், வயிறு உப்பி ஏப்பம் வரும். முடிந்தால் அடக்கிக்கொள்ளச் சொன்னார்கள், ஏனென்றால் காற்று வெளியேறினால் திரும்பவும் செலுத்த வேண்டும்.

திரை எனக்குத் தெரியும்படி இருந்தது. உணவுக்குழாய் 25 செ.மீ. நீளம்தான். அதன் அடியில் சுருக்குப்போல இருக்கும் தசை தளர்ந்துபோனால்தான் அமிலம் மேலே ஏறி நெஞ்செரிச்சலும் புளித்த ஏப்பமும் வருகிறது. எனக்கு அது சரியாக இருந்தது. பிறகு மடிப்பு மடிப்பாகச் சிவந்த இரைப்பை, அதன் கடைசியில் ஒரு சிறிய வாசல், அதைத் தாண்டியதும் சிறுகுடலின் முதல் பகுதியில் வெள்ளை அடியும் சிவந்த ஓரமுமாகப் புண். என் வலியை நானே கண்ணால் பார்த்தது பெரிய ஆறுதலாக இருந்தது. மொத்தமும் பத்து நிமிடத்துக்குள் முடிந்துவிட்டது. வளையக்கூடிய இப்படிப்பட்ட குழாயை 1957-ல் அமெரிக்காவில் உருவாக்கிய பேசில் ஹிர்ஷோவிட்ஸ் முதலில் தன் தொண்டைக்குள்தான் விட்டுப் பார்த்தாராம், அதற்குப் பிறகே நோயாளிக்கு.

இரைப்பையிலிருந்து இரண்டு மூன்று துணுக்குகள் கிள்ளி எடுத்தார்கள். துளியும் வலிக்கவில்லை, அந்தச் சுவரில் வெட்டினால் உணர்கிற நரம்புகள் இல்லை. பயாப்ஸி என்ற சொல்லைக் கேட்டதும் வெளியே உட்கார்ந்திருந்த என் கணவர் பயந்துவிட்டார், கேன்சரோ என்று. எனக்கு எடுத்தது கிருமியைத் தேடத்தான். ஒரு துணுக்கை யூரியா கலந்த மஞ்சள் நிற ஜெல்லில் வைத்தார்கள், அது இளஞ்சிவப்பாக மாறியது, கிருமி இருக்கிறது என்று அர்த்தம். இந்தக் கிருமி யூரியாவை உடைத்து அம்மோனியா உண்டாக்கித் தன்னைச் சுற்றியுள்ள அமிலத்தை மட்டுப்படுத்திக்கொண்டு வாழ்கிறது, அந்தத் திறமையை வைத்தே அதைக் கண்டுபிடித்துவிடுகிறார்கள். புண் இரைப்பையிலேயே இருந்தால் மட்டும் புண்ணின் ஓரத்திலிருந்தும் சதை எடுப்பார்கள், ஆறியதா என்று பார்க்க மறுபடி எண்டோஸ்கோபிக்கும் கூப்பிடுவார்கள். அது புற்றுநோய் இல்லை என்று உறுதி செய்ய. தயவுசெய்து போய்விடுங்கள்.

அமிலத்தில் எந்தக் கிருமியும் பிழைக்காது என்றுதான் மருத்துவ உலகமே நம்பிக்கொண்டிருந்தது. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ராபின் வாரன், பேரி மார்ஷல் என்ற இரண்டு டாக்டர்கள் 1982-ல் இதை வளர்த்துக் காட்டினார்கள். ஈஸ்டர் விடுமுறையில் வழக்கத்தைவிட அதிக நாள், கிருமி வளர்க்க வைத்த தட்டுகள் அப்படியே இருந்துவிட்டதால்தான் கிருமி வளர்ந்தது. அப்படியும் பலர் ஒப்புக்கொள்ளவில்லை. 1984-ல் மார்ஷல் அந்தக் கிருமியைக் கலக்கித் தானே குடித்தார், சில நாளில் வாந்தியும் இரைப்பை அழற்சியும் வந்தது. 2005-ல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. அதற்கு முன்னால் அல்சருக்காக இரைப்பையில் ஒரு பகுதியையே வெட்டி எடுப்பார்கள். என் அப்பாவின் தலைமுறையில் அப்படி ஆபரேஷன் செய்துகொண்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். எனக்கு 14 நாள் மாத்திரையில் முடிந்தது.

அந்த 14 நாள் சுலபமாக இருக்கவில்லை. பென்சிலின் அலர்ஜி இருக்கிறதா என்று கேட்டுவிட்டு அமாக்ஸிசிலின், கிளாரித்ரோமைசின், பிஸ்மத், அமிலத்தைக் குறைக்க ஒரு மாத்திரை என்று எழுதினார்கள். அமிலத்துக்கானதைச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்னால் போட வேண்டும், சாப்பிட்டுவிட்டுப் போட்டால் அவ்வளவாகப் பலன் இருக்காது. வாய் முழுக்க இரும்பைச் சப்பினது போல ஒரு கசப்பு, காப்பி கூட ருசிக்கவில்லை. கொஞ்சம் வயிற்றுப்போக்கும் இருந்தது. பிஸ்மத்தால் மலம் கறுப்பாகப் போகும் என்று முன்பே சொல்லியிருந்ததால் பயப்படவில்லை. முதல் வாரத்திலேயே வலி நின்றுவிடும், அங்கேதான் பலர் மாத்திரையையும் நிறுத்திவிடுகிறார்கள். பாதியில் நிறுத்தினால் தப்பிப் பிழைத்த கிருமி அந்த மருந்துக்கு மசியாததாக மாறிவிடலாம், அடுத்த முறை வேறு மருந்து தேட வேண்டியிருக்கும்.

அதற்குப் பிறகு கிருமி போய்விட்டதா என்ற டெஸ்ட். ஆன்டிபயாடிக் முடிந்து குறைந்தது நான்கு வாரம் கழித்து, அமில மாத்திரையை இரண்டு வாரம் நிறுத்திவிட்டுச் செய்ய வேண்டும். ரத்தப் பரிசோதனை இதற்கு உதவாது, கிருமி செத்த பிறகும் அதன் எதிர்ப்பொருள் ரத்தத்தில் நெடுநாள் இருக்கும். மலத்தைச் சோதிப்பார்கள், அல்லது மூச்சை. மூச்சுப் பரிசோதனையில் அடையாளம் வைத்த கார்பன் உள்ள யூரியாவை விழுங்கக் கொடுத்து, சற்று நேரம் கழித்து ஊதச் சொல்வார்கள். கிருமி இருந்தால் யூரியா உடைந்து அந்தக் கார்பன் மூச்சில் வெளியே வந்துவிடும். நான் மலப் பரிசோதனை செய்தேன். நெகட்டிவ். வலி நின்றதற்கும் கிருமி போனதற்கும் சம்பந்தம் இருந்தே ஆக வேண்டும் என்றில்லை, அதனால் இந்த ஒரு டெஸ்டுக்காக லேபுக்குப் போக யாரும் அலுத்துக்கொள்ளாதீர்கள்.

வீட்டில் எல்லோருக்கும் பார்க்க வேண்டுமா என்று கேட்டேன். உலகில் ஏறக்குறைய பாதிப் பேரிடம் இந்தக் கிருமி இருக்கிறது, பெரும்பாலும் சின்ன வயதிலேயே வீட்டுக்குள் ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றுகிறது, இருப்பவர்களில் பலருக்குப் புண்ணே வருவதில்லை. வயிற்று உபாதை உள்ளவர்கள், குடும்பத்தில் யாருக்காவது இரைப்பைப் புற்றுநோய் வந்திருப்பவர்கள் பார்த்துக்கொள்ளட்டும், மற்றவர்கள் அவசரப்பட வேண்டாம் என்றார் டாக்டர். தலைவலிக்கு பாராசிட்டமால் போதும், வேறு எந்த வலி மாத்திரையாக இருந்தாலும் பழைய அல்சர் கதையைச் சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் வாங்க வேண்டும் என்று சீட்டிலேயே எழுதிக் கொடுத்தார். இப்போது கீரையும் சாப்பிடுகிறேன், மீன் குழம்பும் காரமாகவே சாப்பிடுகிறேன்.