அப்பா மாதிரின்னு சொல்லிட்டேன்

2018-ல நடந்தது, இன்னும் அந்த மத்தியானம் மனசை விட்டுப் போகல. "சார் எனக்கு அப்பா மாதிரி"ன்னு சொன்னேன். நாலே வார்த்தை. டேபிள்ல இருந்தவங்க எல்லாரும் "அதானே"ன்னுட்டு மோர் ஊத்திக்க ஆரம்பிச்சாங்க. அவர் மட்டும் தலை நிமிரல, டிபன் பாக்ஸ் மூடியில வெச்சிருந்த அப்பளத்தை சின்னச் சின்னதா ஒடிச்சிட்டே இருந்தார், ஒரு துண்டு கூட வாய்க்குப் போகல.

பேங்க்ல அவர் ஹெட் கேஷியர், நான் ஆபீசர். பணம் ஜாயின்ட் கஸ்டடியில, அதாவது ரெண்டு பேர் பொறுப்புல, அதனால ஒரு சாவி அவர்கிட்ட, இன்னொண்ணு என்கிட்ட, காலையில ஒரு தடவை சாயங்காலம் ஒரு தடவை ரெண்டு பேரும் சேர்ந்துதான் ஸ்ட்ராங் ரூமுக்குள்ள போகணும். அவருக்கு அப்போ 58, எனக்கு 29. பதவியில நான் மேல, வயசுல அவர் ரெட்டிப்பு. அன்னைக்கு ஒருத்தர் சிரிச்சிட்டே கேட்டார், "என்ன மேடம், உள்ள போனா வெளிய வர நேரமாகுது, சாரோட அப்படி என்ன பேச்சு?" கேள்வி விளையாட்டாத்தான் இருந்துச்சு. ஆனா கல்யாணம் ஆகாத பொண்ணுகிட்ட அந்த மாதிரிக் கேள்வி எங்க போய் நிக்கும்னு எனக்குத் தெரியும். அதான் சொன்னேன். சொன்னது தப்பான்னு இன்னைக்கும் என்னால தீர்மானமா சொல்ல முடியல.

நாங்க பேச ஆரம்பிச்சதே 2016 நவம்பர்ல. 500, 1000 செல்லாதுன்னு 8-ம் தேதி ராத்திரி அறிவிச்சு, 10-ம் தேதி கவுண்டர் திறந்து, அந்த சனி ஞாயிறு கூட லீவு இல்லாம ஆளுக்கு 4000 மாத்திக் கொடுத்தோமே, அப்போ. ராத்திரி பத்து மணி வரைக்கும் கேஷ் டேலி ஆகாது. பழைய நோட்டு எண்ணி எண்ணி விரல் நுனியெல்லாம் கறுத்துப் போயிருக்கும். நோட்டைக் காதுகிட்ட சுண்டி, கட்டை விரலால ஓரத்தைத் தடவிப் பாத்து எது சந்தேகம்னு சொல்லுவார், மெஷின் அப்புறம்தான் சொல்லும். எனக்கு அதைப் பொறுமையா கத்துக்கொடுத்தார். அப்புறம் பீம் ஆப் வந்ததும் நான் அதை அவர் போன்ல போட்டுக் கொடுத்தேன்.

அப்படியே பழகிட்டோம். வீட்ல பாத்த மாப்பிள்ளையை எனக்குப் பிடிக்கலன்னு முதல்ல அவர்கிட்டதான் சொன்னேன். அந்த வயசுல இருக்கறவங்க யாரா இருந்தாலும் உடனே அட்வைஸ் ஆரம்பிச்சிருப்பாங்க. அவர் "ஏன்?"னு மட்டும் கேட்டுட்டு முழுசா கேட்டார். அவரும் சொல்லுவார். ரிட்டயர்மெண்ட் நினைச்சாலே பயமா இருக்கு, காலையில எந்திரிச்சு எங்க போறதுன்னே தெரியல, வீட்ல பொண்ணுங்ககிட்ட எப்படா ஓய்வுன்னு காத்திருக்கிற மாதிரி நடிச்சிட்டு இருக்கேன்னு ஒரு நாள் ட்ரேயை உள்ள தள்ளிக்கிட்டே சொன்னார். அதை எல்லாம் பெத்த பொண்ணுகிட்ட சொல்ல மாட்டாங்க. ஃப்ரெண்டுகிட்டதான் சொல்லுவாங்க.

அப்பா மாதிரின்னு நான் சொன்ன அன்னைக்கு சாயங்காலம் கேஷ் உள்ள வெச்சோம். அவர் சாவியைத் திருப்பிட்டு, என் சாவிக்காக ஒதுங்கி நின்னுக்கிட்டு சொன்னார்: "எனக்கு ரெண்டு பொண்ணு இருக்காங்க மேடம். மூணாவது வேணும்னு நான் கேக்கலையே." குரல்ல கோபமே இல்ல. நான் என்ன சொன்னேன்னா, "சார், அவங்க வாயை அடைக்கத்தான்." "தெரியும்"னார். அவ்ளோதான், அதுக்கப்புறம் அதைப் பத்திப் பேசல.

ஆனா மறுநாள்ல இருந்து அவர் நிஜமாவே அப்பா ஆயிட்டார். "சாப்டியாம்மா, லேட் பண்ணாம கிளம்பு, வயசு ஏறுது, நல்ல இடம் வந்தா தள்ளாத." எல்லாம் அக்கறைதான், ஒரு குறை சொல்ல முடியாது. பயம்னு ஒரு வார்த்தை மட்டும் அப்புறம் அவர் வாயில வரவே இல்ல.

நான் ஒண்ணு நேர்மையா சொல்லணும். அவர் வருத்தப்பட்டதைப் பாத்தப்போ ஒரு செகண்ட், ஒருவேளை அவர் மனசுல வேற ஏதாவது இருந்துச்சோன்னு எனக்கே தோணுச்சு. ரெண்டு வருஷம் ஒரு பார்வை ஒரு பேச்சு தப்பா வராத மனுஷனைப் பத்தி. டேபிள்ல கேட்டவர் நினைச்சதைத்தான் நானும் நினைச்சிருக்கேன். அதே சமயம், அப்படி யோசிச்சு ஜாக்கிரதையா இல்லாத பொண்ணுங்க எவ்ளோ பட்டிருக்காங்கன்னும் எனக்குத் தெரியும், அதனால என்னை முழுசா குத்தம் சொல்லிக்கவும் மனசு வரல.

என் வீட்டுக்காரர் என்னை விட 8 வயசு பெரியவர். ஒருத்தர் கூட ஏன்னு கேக்கல, பொண்ணு பாக்க வந்தப்போ "நல்ல பொருத்தம்"னாங்க. சட்டமே பொண்ணுக்கு 18, பையனுக்கு 21னு மூணு வயசு இடைவெளி வெச்சுத்தானே எழுதியிருக்கு. இதுவே நான் 8 வயசு பெரியவளா இருந்திருந்தா ஜாதகமே கையில எடுத்திருக்க மாட்டாங்க. கல்யாணம்னா ஒரு பக்க வித்தியாசம் செல்லுது, சிநேகம்னா எந்தப் பக்கமும் செல்லல. அண்ணா, அக்கா, அங்கிள், அப்பான்னு ஏதாவது ஒரு உறவுக்குள்ள கொண்டுவந்து உக்கார வெச்சாதான் நமக்கு நிம்மதி. வள்ளுவர் கூட நட்புக்கு 79-வது அதிகாரத்தைக் கொடுத்துட்டு, பெரியவங்களைத் துணையா வெச்சுக்கறதுக்கு 45-ன்னு தனியாத்தான் வெச்சார், அங்கேயும் "தமராக் கொளல்"னுதான் சொல்றார். தமர்னா சொந்தக்காரங்க. அப்போ நான் செஞ்சதும் அதுதானே? அப்படி நினைச்சு சமாதானம் பண்ணிப் பாப்பேன். அந்த அப்பளம் ஞாபகம் வரும்.

"சார் என் ஃப்ரெண்ட்"னு சொல்லியிருக்கலாம். கண்ணாடி முன்னாடி சொல்லிப் பாத்திருக்கேன். அந்த டேபிள்ல சொல்லியிருந்தா என்ன ஆகியிருக்கும், அவருக்குத்தான் அது இன்னும் பெரிய தொல்லையா முடிஞ்சிருக்குமோ, தெரியல.

2020 ஏப்ரல்ல ரிட்டயர் ஆனார், லாக்டவுன் நேரம். சால்வை இல்ல, மாலை இல்ல, மாஸ்க் போட்டுக்கிட்டு சாவியை ஒப்படைச்சு ரிஜிஸ்டர்ல கையெழுத்துப் போட்டுட்டுக் கிளம்பிட்டார். தீபாவளிக்கு தீபாவளி நான் போன் பண்ணுவேன். போன தடவை தைரியத்தை வரவழைச்சுக்கிட்டு, "சார், காலையில எந்திரிச்சா எங்க போறதுன்னு பயமா இருக்குன்னு சொல்லுவீங்களே, இப்போ எப்படி இருக்கு?"னு கேட்டேன்.

கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அப்புறம், "அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா, நான் நல்லாத்தான் இருக்கேன், நீ உன் உடம்பைப் பாத்துக்கோ"ன்னார்.

எங்கப்பாவும் எப்பவும் இதையேதான் சொல்லுவார்.